ரத்த வாந்தி, மலைப்பாதை, நான்கு ஸ்கோர்கள்: எங்கள் சுவரில் எதை ஒட்டுவது?

நீலகிரியில் 'கீழே கொண்டு போகணும்' என்று டாக்டர் சொன்னால் வீட்டுக்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. கீழே என்றால் மேட்டுப்பாளையம், அதையும் தாண்டிக் கோயம்புத்தூர். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர், பெரும்பாலும் வளைவும் இறக்கமும்தான். அங்கிருந்து கோவைக்கு இன்னும் ஏறக்குறைய அதே தூரம். பகலில் போனால் நேரத்தைச் சொல்லிவிடலாம். இரவில் மூடுபனி இறங்கியிருந்தால், குஞ்சப்பனைப் பக்கம் யானை ரோட்டில் நின்றால், மழையில் மண் சரிந்திருந்தால் யாராலும் சொல்ல முடியாது. 2009 நவம்பர் மழையை நேரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ரத்த வாந்தியோடோ, தார் மாதிரிக் கருப்பாக மலம் போகிறது என்றோ ஒருவர் வந்தால், எங்களைப் போன்ற சின்ன ஆஸ்பத்திரியின் டியூட்டி டாக்டர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். விடியும்வரை இங்கேயே வைத்துப் பார்க்கலாம். அல்லது இப்போதே ஆம்புலன்ஸில் ஏற்றலாம். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பி எங்களிடம் இல்லை. ஊட்டியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு, 'கீழே' என்பது சில இரவுகளில் 30 கிலோமீட்டர் 'மேலே' என்றும் ஆகியிருக்கிறது. அது பெரிய நிம்மதி. ஆனாலும் எப்போது அனுப்புவது, யாரை அனுப்புவது என்ற முடிவு எங்களிடம்தான் இருக்கிறது.

இந்த முடிவுக்கு உதவவென்று, நோயாளியின் நிலையை மதிப்பெண்ணாகக் கூட்டிச் சொல்லும் பல ஸ்கோர்கள் இருக்கின்றன. நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: கிளாஸ்கோ-பிளாட்ச்ஃபோர்ட், ராக்கால், எய்ம்ஸ்65, ஏபிசி. கேஷுவாலிட்டி சுவரில் ஒரு தாள் ஒட்டத்தான் இடம் இருக்கிறது, அதில் எது இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மலையில் டியூட்டி பார்க்கும் இளம் டாக்டர்களையும் நர்ஸ்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று மட்டும்: கருப்பு மலமோ ரத்த வாந்தியோ வந்தால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாதீர்கள், 108க்கு அழைத்துக் கிளம்பி வந்துவிடுங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கருக்கும், உண்மைதான். ஆனால் அது பளபளப்பாக, பிசுபிசுப்பாக, ரத்தம் கலந்த மலத்தின் அந்தக் கெட்ட நாற்றத்தோடு இருக்காது. அதைப் பிரித்துச் சொல்வது எங்கள் வேலை.

சாவானா என்பது ஒரு கேள்வி, நம் கை தேவைப்படுமா என்பது வேறு

ஸ்கோர்களை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். எனக்கே இது புரியப் பல வருடம் ஆனது. இரைப்பை, முன்சிறுகுடல் ரத்தக்கசிவில் இறப்பவர்கள் பெரும்பாலும் ரத்தம் போயே இறப்பதில்லை. ஹாங்காங்கில் அல்சர் ரத்தக்கசிவு நிகழ்வுகள் 10,000க்கும் மேல் எடுத்துப் பார்த்தார்கள். இறந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேரின் சாவுக்குக் காரணம் ரத்தக்கசிவு அல்ல, மற்ற நோய்கள்தான். நுரையீரல் கோளாறு, பல உறுப்புகள் ஒன்றாகக் கைவிடுவது, முற்றிய புற்றுநோய் இப்படி. பிரிட்டனில் 2007இல் நடந்த தணிக்கையும் இதையே வேறு வழியில் காட்டியது. ரத்தக்கசிவுக்காகவே புதிதாக வந்து சேர்ந்தவர்களில் 7 சதவீதம் பேர் இறந்தார்கள். வேறு நோய்க்காக ஏற்கெனவே படுக்கையில் இருந்தபோது கசிவு தொடங்கியவர்களில் 26 சதவீதம்.

அப்படியானால் சாவைக் கணிக்கிற ஸ்கோர் உண்மையில் அளப்பது என்ன? வயது, ஈரல், சிறுநீரகம், இதயம், உடம்பில் சத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை. ரத்தக்குழாய் வாய் திறந்து கிடக்கிறதா என்பதை அது அதிகம் கேட்பதில்லை. ஆம்புலன்ஸை எழுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்பவனுக்கோ முதலில் தெரிய வேண்டியது இதுதான்: இவருக்கு ரத்தம் ஏற்றுவது, எண்டோஸ்கோப்பி வழியாகக் கசிகிற இடத்தில் கிளிப் போடுவது, ஆபரேஷன் என்று எதுவாவது தேவைப்படுமா?

இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்த பெரிய ஆய்வு 2017இல் வந்தது. ஆறு ஆஸ்பத்திரிகள், 3,012 நோயாளிகள். ஒரு ஸ்கோர் எவ்வளவு நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதை 0.5 முதல் 1 வரை ஓர் எண்ணால் சொல்வார்கள். 0.5 என்றால் பூவா தலையா போட்ட மாதிரி, 1 என்றால் பிழையே இல்லை. சிகிச்சை தேவைப்படுமா அல்லது இறப்பாரா என்ற கூட்டுக் கேள்விக்கு பிளாட்ச்ஃபோர்ட் 0.86 வாங்கியது, எய்ம்ஸ்65 வாங்கியது 0.68. இறப்பை மட்டும் கேட்டபோது தலைகீழாக ஆனது: எய்ம்ஸ்65க்கு 0.77, ராக்காலுக்கு 0.72, பிளாட்ச்ஃபோர்டுக்கு வெறும் 0.64. எது நல்ல ஸ்கோர் என்ற சண்டை இந்த எண்களிலேயே முடிந்துவிடுகிறது. கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

பிளாட்ச்ஃபோர்ட்: வாசலில் நிற்க வேண்டியது

2000ஆம் ஆண்டு கிளாஸ்கோவிலிருந்து வந்தது. யூரியா, ஹீமோகுளோபின், பிபியின் மேல் எண், நாடித்துடிப்பு, கருப்பு மலம், மயக்கம் போட்டு விழுந்தாரா, ஈரல் நோய், இதயச் செயலிழப்பு. இவ்வளவுதான். மொத்தம் 23. வயதுக்கு மதிப்பெண் கிடையாது. எண்டோஸ்கோப்பி வேண்டாம், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் வேண்டாம், அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவு வேண்டாம். எங்கள் லேபில் நடுராத்திரிக்கும் கிடைப்பது ஹீமோகுளோபினும் யூரியாவும்தான். இந்த ஒன்றுக்காகவே இதற்கு மலையில் முதலிடம்.

0 அல்லது 1 வந்தால் வீட்டுக்கு அனுப்பி, வெளிநோயாளியாகவே எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மற்ற மூன்று ஸ்கோர்களில் எதை நம்பியும் நான் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

ஆனால் இதில் ஒரு குழி இருக்கிறது. நானே அதில் விழுந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 28 வயதுப் பையன் ஒருவன் நண்பர்களோடு குடித்துவிட்டு, ஏழெட்டு முறை வாந்தி எடுத்து, கடைசி வாந்தியில் ரத்தக் கீற்று வந்ததும் பயந்து ஓடி வந்தான். பிபி 118, துடிப்பு 88, ஹீமோகுளோபின் 13.8, யூரியா 34. கருப்பு மலம் இல்லை. மொபைலில் இருந்த கணக்குப் பொறியில் எண்களைத் தட்டினேன். 4 என்று வந்தது. மழை நேரம். பையனின் அப்பா, 'சார், காலையில போனா ஆகாதா?' என்று இரண்டு முறை கேட்டார். ஆகாது என்றேன். பாதி வழியில் யானைக்காக வண்டியை நிறுத்தி, விடியற்காலையில்தான் போய்ச் சேர்ந்தார்கள். எண்டோஸ்கோப்பியில் வாந்தியால் உணவுக்குழாய் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். தானாக ஆறக்கூடியது.

தப்பு எங்கே? அந்தப் பொறி கேட்டது யூரியாவில் உள்ள நைட்ரஜனின் அளவை. நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் தருவது முழு யூரியாவை. இது அதைவிட 2.14 மடங்கு பெரிய எண். யூரியா 34 என்றால் நைட்ரஜன் கணக்கில் 16தான், மதிப்பெண் சைபர். அந்தப் பையனின் உண்மையான ஸ்கோர் 0. அவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆகவே நம் லேப் ரிப்போர்ட்டுக்கு நேரடியாகப் பொருந்துகிற மாதிரி யூரியா எல்லைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெசிலிட்டருக்கு 39 மில்லிகிராமுக்குக் கீழே சைபர். 39 முதல் 47 வரை 2. 48 முதல் 59 வரை 3. 60 முதல் 149 வரை 4. 150ஐத் தொட்டால் 6. ரிப்போர்ட்டில் 'பியுஎன்' (யூரியா நைட்ரஜன்) என்று போட்டிருந்தால் மட்டும் 2.14ஆல் பெருக்கிவிட்டு இந்த வரிசையைப் பாருங்கள்.

மற்றவை எளிது. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 12 முதல் 13க்குள் இருந்தால் 1, 10 முதல் 12க்குள் 3, 10க்குக் கீழே 6. பெண்களுக்கு 10 முதல் 12க்குள் 1, 10க்குக் கீழே 6. பிபி மேல் எண் 100-109 என்றால் 1, 90-99 என்றால் 2, 90க்குக் கீழே 3. துடிப்பு 100 தொட்டால் 1, கருப்பு மலத்துக்கு 1. மயக்கம், ஈரல் நோய், இதயச் செயலிழப்பு மூன்றுக்கும் தலா 2.

ஹீமோகுளோபின் விஷயத்தில் மலைக்காரர்களான நாம் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். இந்த உயரத்தில் வாழும் உடம்பு கூடுதல் ஹீமோகுளோபின் வைத்துக்கொள்கிறது. ரத்தசோகையைக் கணிக்கும்போது இவ்வளவு உயரத்தில் ஒரு கிராமுக்கும் மேலாகக் கழித்துப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிளாட்ச்ஃபோர்டின் எல்லைகள் கீழே வாழ்பவர்களை வைத்துப் போட்டவை. ஊட்டிக்காரர் ஒருவருக்கு 13.2 இருந்து ஸ்கோர் சைபர் என்று வந்தால், அவருக்கு வழக்கமாக 15 இருந்ததா என்று பழைய ரிப்போர்ட்டைத் தேடிப் பார்ப்பேன். சுற்றுலா வந்தவருக்கு இந்தக் கவலை வேண்டாம்.

இரண்டாவது, கூடலூர், பந்தலூர் பக்கம் ஆதிவாசி மக்களிடம் இருக்கும் அரிவாள் செல் நோய். இந்தியாவில் அரிவாள் செல்லை முதன்முதலில் 1952இல் கண்டறிந்து எழுதியதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இந்த நோய் முழுதாக உள்ளவருக்கு நல்ல நாளிலேயே ஹீமோகுளோபின் 8 இருக்கலாம். பிளாட்ச்ஃபோர்ட் கண்ணை மூடிக்கொண்டு 6 மதிப்பெண் போட்டுவிடும். அங்கே எண்ணைப் பார்க்காதீர்கள், அவருடைய வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

எல்லோருக்குமே பொருந்துகிற இன்னொன்று. ரத்தம் போன முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஹீமோகுளோபின் பெரிதாக இறங்காது. போவது முழு ரத்தம், மீதி இருப்பதும் முழு ரத்தம். உடம்பு தண்ணீரை இழுத்து நிரப்பிய பிறகுதான் எண் சரியும். நாலு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுக்காத ஹீமோகுளோபினை நான் நம்புவதில்லை.

ராக்கால், எய்ம்ஸ்65, ஏபிசி

ராக்கால் 1996இல் வந்தது, மூத்தது. முழு ஸ்கோர் 11, அதற்கு எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட் வேண்டும். ஆகவே அது எண்டோஸ்கோப்பி செய்கிற இடத்துக்கானது. எண்டோஸ்கோப்பிக்கு முந்தைய பாகம் மட்டும் 7 மதிப்பெண். வயது, துடிப்பு, பிபி, கூட இருக்கும் நோய்கள். லேப் என்ற பேச்சே இல்லை. கரண்ட் போய், லேப் டெக்னீஷியன் வர முடியாத ஓர் இரவுக்கு இது உதவும். அதைத் தாண்டி, 60 வயதுக்குக் கீழே, வேறு நோய் இல்லாமல், பிபியும் துடிப்பும் நன்றாக இருக்கிற எல்லோருக்கும் இது சைபர்தான் கொடுக்கும். உள்ளே அல்சர் ரத்தம் கக்கிக்கொண்டிருந்தாலும் சைபர். அதனால் இதைச் சுவரில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

எய்ம்ஸ்65 என்ற பெயரைப் பார்த்து டெல்லி எய்ம்ஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 187 ஆஸ்பத்திரிகளின் தகவலிலிருந்து உருவாகி 2011இல் வெளிவந்தது. ஐந்து கேள்வி, தலா ஒரு மதிப்பெண்: அல்புமின் 3க்குக் கீழேயா, ஐஎன்ஆர் 1.5க்கு மேலேயா, நினைவு தடுமாறுகிறதா, பிபி மேல் எண் 90 அல்லது அதற்குக் கீழேயா, வயது 65 ஆகிவிட்டதா. மனதிலேயே கூட்டிவிடலாம். எந்த மதிப்பெண்ணுக்கு எவ்வளவு சாவு என்றும் நேராகச் சொல்கிறது: சைபர் என்றால் 0.3 சதவீதம், 1க்கு 1.2, 2க்கு 5.3, 3க்கு 10.3, 4க்கு 16.5, 5க்கு 24.5.

இந்த எளிமை எனக்குப் பிடிக்கும். ஆனால் இதன் 0.3 சதவீதத்தைப் பார்த்து யாரும் கோத்தகிரியிலோ கூடலூரிலோ நிம்மதி அடையக் கூடாது. அந்த எண் எண்டோஸ்கோப்பியும் ஐசியுவும் ரத்த வங்கியும் உள்ள ஆஸ்பத்திரிகளில் கிடைத்தது. அந்த 0.3க்குள் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளிப் போட்டுக் காப்பாற்றப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நடுவில் ஒரு மலைப்பாதை இருந்திருந்தால் அந்த எண் என்னவாகியிருக்கும் என்று யாரும் அளந்ததில்லை. மூன்று ஸ்கோர்களின் இறப்புக் கணிப்புகளுக்கும் இது பொருந்தும்.

ஏபிசி 2021இல் வந்தது, நான்கில் இளையது. வயது, ரத்தப் பரிசோதனைகள், கூடவே இருக்கும் நோய்கள். வயது 60 முதல் 74 வரை 1, 75 ஆகிவிட்டால் 2. யூரியா 60 மில்லிகிராமைத் தாண்டினால் 1. அல்புமின் 3க்குக் கீழே 2. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சுமார் 1.1 முதல் 1.7 வரை 1, அதற்கு மேல் 2. நினைவுத் தடுமாற்றம் 2, ஈரல் சுருக்கம் 2, பரவிய புற்றுநோய் 4. கடைசியாக, மயக்க மருந்து டாக்டர்கள் போடும் ஏஎஸ்ஏ தரம்: கடுமையான நோய் இருந்தால் 1, அது உயிருக்கே எப்போதும் ஆபத்தாக இருந்தால் 3. மொத்தம் 3 வரை இருந்தால் இறப்பு சுமார் 1 சதவீதம், 4 முதல் 7 வரை 7 சதவீதம், 8ஐத் தொட்டால் 25 சதவீதம். மேல்குடல், கீழ்க்குடல் ரத்தக்கசிவு இரண்டுக்கும் பொருந்தும். இறப்பைக் கணிப்பதில் இதுவே மேல் என்று நினைக்கிறேன். ஹாங்காங் கணக்கு சொன்ன உண்மையை, அதாவது கூட இருக்கும் நோய்தான் ஆளைக் கொல்கிறது என்பதை, இது நேராகப் பிடிக்கிறது. ஆனால் ஏஎஸ்ஏ தரத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகப் போடுவார்கள். அல்புமின் எங்களிடம் இரவில் வருவதும் இல்லை.

மூன்று பேர்

எண்களை எண்களாகவே விட்டால் ஒட்டாது. அடையாளம் தெரியாதபடி மாற்றி மூன்று பேரைச் சொல்கிறேன். இவர்களுக்கு வேண்டிய எல்லாப் பரிசோதனையும் கிடைத்தது, சிலது பிறகுதான் கிடைத்தது.

தேயிலை பறிக்கும் அம்மா, வயது 46. ஏற்ற இறக்கத்தில் கூடை சுமந்து முழங்கால் போய்விட்டது. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி இரண்டு வாரமாகச் சாப்பிட்டிருக்கிறார். இரண்டு நாளாகக் கருப்பு மலம். பிபி 112, துடிப்பு 92, ஹீமோகுளோபின் 10.6, யூரியா 44. பிளாட்ச்ஃபோர்ட் 4. எய்ம்ஸ்65, ஏபிசி, எண்டோஸ்கோப்பிக்கு முந்தைய ராக்கால் மூன்றும் சைபர். மூன்று ஸ்கோர்கள் 'இவர் சாக மாட்டார்' என்கின்றன, நான்காவது 'வீட்டுக்கு அனுப்பாதே' என்கிறது. நான்கும் சரிதான். அந்த அம்மாவைப் படுக்க வைத்து, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் ஊசி போட்டு, விடியும்வரை பார்த்தோம்.

அடுத்தவர் 52 வயது. பல வருடக் குடி, மஞ்சள் கண், வீங்கிய வயிறு. ஒரு வாளியில் ரத்த வாந்தி, கருப்பு மலமும் உண்டு. பிபி 96, துடிப்பு 118, ஹீமோகுளோபின் 8.1, யூரியா 52, கிரியேட்டினின் 1.2, அல்புமின் 2.4, ஐஎன்ஆர் 1.9, கேட்டதற்குக் குழறிக் குழறிப் பதில். பிளாட்ச்ஃபோர்ட் 15. எய்ம்ஸ்65 வெறும் 3, அதாவது 10 சதவீதம். பிபி 96 ஆனதால் ஒரு மதிப்பெண் தப்பியது, வயதால் இன்னொன்று. ஏபிசியில் 10, அதாவது நாலில் ஒருவர். இவரைப் பார்த்த எந்த டாக்டருக்கும் ஏபிசிதான் உண்மைக்குப் பக்கத்தில் என்று படும்.

இப்படி உணவுக்குழாய் ரத்தக்குழாய் வீங்கி வெடித்திருக்கும் என்ற சந்தேகம் வந்தால், ஸ்கோர் கூட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ரத்தக்குழாயைச் சுருக்கும் டெர்லிபிரஸின், ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரையாக்ஸோன் 1 கிராம் இரண்டையும் உடனே தொடங்கலாம். இதய நோய் உண்டா என்று மட்டும் டெர்லிபிரஸினுக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இவர்களுக்கு எண்டோஸ்கோப்பி 12 மணி நேரத்துக்குள் ஆக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில், ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் மெல்ட் ஸ்கோர் போடுவார்கள். அது 19ஐத் தொட்டால் ஆறு வாரத்தில் இறப்பு 20 சதவீதம் அல்லது அதற்கும் மேல்.

மூன்றாமவர் 78 வயதுப் பெரியவர். இதயத்தில் ஸ்டென்ட், தினம் ஆஸ்பிரின், துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர். காபித்தூள் கரைத்த மாதிரி வாந்தி. பிபி 124, துடிப்பு 78, ஹீமோகுளோபின் 11.2, யூரியா 74, கிரியேட்டினின் 1.9, அல்புமின் 3.1, ஐஎன்ஆர் 1.1. தெளிவாகப் பேசினார், 'எனக்கு ஒண்ணுமில்ல தம்பி' என்றார். பிளாட்ச்ஃபோர்ட் 7. எய்ம்ஸ்65 1தான். ஏபிசி 6. துடிப்பு 78 என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை, மாத்திரை அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. யூரியா 74இல் கொஞ்சம் கசிவு, கொஞ்சம் பழைய சிறுநீரகக் கோளாறு. நாலு மணி நேரம் கழித்து ஹீமோகுளோபின் 9.4. பிளாட்ச்ஃபோர்ட் 10க்கு ஏறியது. விடியும்வரை வைப்பது என்றிருந்த முடிவை அங்கேயே மாற்றி ஊட்டிக்கு அனுப்பினோம். ரெஃபரல் கடிதத்தில் ஆஸ்பிரினைப் பற்றித் தனி வரி எழுதினேன். ஹாங்காங்கில் 2010இல் வந்த ஓர் ஆய்வில், அல்சர் கசிவு நின்றபின் ஆஸ்பிரினை அப்படியே நிறுத்திவிட்டவர்களில் எட்டு வாரத்தில் 12.9 சதவீதம் இறந்தார்கள், தொடர்ந்தவர்களில் 1.3 சதவீதம். கசிவு மறுபடி வந்தது தொடர்ந்தவர்களுக்குத்தான் அதிகம், ஆனாலும் உயிரோடு இருந்தார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு அதை எப்போது மறுபடி தொடங்குவது என்று யாராவது நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

பெரிய எண் வந்தால் உடனே ஓடுவதா?

ஸ்கோர் 12 என்றதும் வண்டியில் ஏற்றிவிட வேண்டும் என்ற பதற்றம் நம் எல்லோருக்கும் உண்டு. 2020இல் ஹாங்காங்கில் பிளாட்ச்ஃபோர்ட் 12க்குக் குறையாத 516 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எண்டோஸ்கோப்பி 6 மணி நேரத்துக்குள், மறு பாதிக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள். 30 நாளில் இறந்தவர்கள் முதல் பாதியில் 8.9 சதவீதம், இரண்டாவதில் 6.6. அவசரப்பட்டதால் நன்மை இல்லை. ஷாக்கில், அதாவது பிபி சரிந்து ரத்த ஓட்டம் போதாத நிலையில், இருந்து தேறாதவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் வேறு வகை.

எனக்கு இந்த ஆய்வு சொல்வது இதுதான். ஆள் ஷாக்கில் இல்லை என்றால், மூடுபனியில் பதறிப் போவதைவிட, டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய், பச்சை வென்ஃப்ளான், இரண்டு போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, பிபியை நிமிர்த்தி, ரத்த குரூப் பார்த்து, போகிற இடத்துக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. ரத்தத்தைக்கூட அள்ளி ஊற்ற வேண்டியதில்லை. பார்சிலோனாவில் 2013இல் வந்த ஆய்வில், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போன பிறகே ரத்தம் ஏற்றியவர்களில் 95 சதவீதம் பேர் ஆறு வாரத்தில் உயிரோடு இருந்தார்கள், 9லேயே ஏற்றத் தொடங்கியவர்களில் 91. ரத்த வங்கி எல்லா ஊரிலும் இல்லாத மலைக்கு இது பெரிய செய்தி. இதய நோய் உள்ளவருக்கு மட்டும் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்கிறோம். ரத்தக்கசிவை நிறுத்தக் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் அப்படித்தான். பழக்கத்தில் எல்லா ரெஃபரல் தாளிலும் இருக்கிறது. 12,009 பேரை வைத்து 2020இல் வந்த ஆய்வில் அது சாவைக் குறைக்கவில்லை, கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைவதையும் வலிப்பையும் கூட்டியது. நான் நிறுத்திவிட்டேன்.

துடிப்பு எண் பிபியின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் எந்தத் தாளையும் பார்க்காதீர்கள். இரண்டாமவருக்கு 118, 96. அவரை அரை மணி நேரத்தில் தயார் பண்ணி, இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, உறிஞ்சு கருவியோடு ஒரு நர்ஸைக் கூட அனுப்பினோம். நினைவு தடுமாறுகிறவர் வளைவில் குலுங்கும்போது வாந்தி எடுத்தால் ரத்தம் நுரையீரலுக்குப் போகும். அதுவே உயிரை எடுத்துவிடும். புறப்படும்போது அவருடைய மனைவியிடம் ஏபிசி சொன்ன எண்ணைத்தான் சொன்னேன்: 'நாலு பேர் இப்படி வந்தா ஒருத்தர் பிழைக்கிறது கஷ்டம்மா. போறதுக்கு முன்னாடி யாருக்காவது போன் பண்ணணும்னா இப்பவே பண்ணிடுங்க.' எய்ம்ஸ்65இன் பத்து சதவீதத்தைச் சொல்லியிருந்தால் அது அவரை ஏமாற்றுவதாக இருந்திருக்கும்.

அப்படியாக எங்கள் சுவரில் இப்போது இருப்பது பிளாட்ச்ஃபோர்ட். யூரியா நம் லேப் கணக்கில், ஹீமோகுளோபின் பக்கத்தில் 'பழைய ரிப்போர்ட் எங்கே?' என்று ஒரு வரி. 0, 1 என்றால் வீடு, ஆனால் போன் நம்பர் வாங்கிக்கொண்டு, வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு. 2 முதல் 6 வரை, பிபி நின்றால், விடியும்வரை இங்கே. 7ஐத் தொட்டால் உடனே போன், பிறகு புறப்பாடு, எந்த நேரத்தில் என்பதை ஆளின் நிலையும் பாதையும் முடிவு செய்யும். ஆய்வில் எண்டோஸ்கோப்பி சிகிச்சை தேவைப்படுவோரைப் பிரிக்க 7 என்ற எல்லைதான் பொருந்தியது என்றாலும், அது 80 சதவீதம் பேரைத்தான் பிடித்தது. ஆகவே 5, 6 வந்தவர்களையும் நாலு மணிக்கு ஒரு முறை மறுபடி கூட்டுகிறோம். ஏபிசி தாளின் பின்பக்கம் இருக்கிறது, வீட்டாரிடம் பேசுவதற்கும், ஐசியு உள்ள இடம்தான் வேண்டுமா என்று தீர்மானிக்கவும். எய்ம்ஸ்65ஐ எடுத்துவிட்டோம்.

தாளின் அடியில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். கீழிருந்து கடைசியாக மேலே வந்த ஆம்புலன்ஸ் டிரைவரிடம் பாதை எப்படி என்று கேட்டு, மணியோடு பென்சிலில் எழுத வேண்டிய கட்டம் அது. அந்தத் தேயிலைத் தோட்டத்து அம்மா வந்த இரவில் அதில் 'குஞ்சப்பனை வரை பனி, ரோடு திறந்திருக்கு, 2.40' என்று நர்ஸ் எழுதியிருந்தார். காலை ஏழரைக்கு மகனோடு, உட்கார்ந்தபடியே, அந்த அம்மா இறங்கிப் போனார்.